நெட்டுக்குத்தலாக ஒரு கோடு

பக்கத்து ஸீட்டில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆபீஸானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி. ‘‘ஸார், கிராஃப் பேப்பரில் நெட்டுக்குத்தலாக நிற்கிற கோட்டுக்குச் சாய்வு எவ்வளவு?’’

மூன்று தினுசான பதில் வரும். கணக்கென்றால் பயப்படுகிறவர், ‘‘பூஜ்யம்’’ என்பார். பயப்படாதவர், ‘‘இன்ஃபினிட்டி!’’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மூன்றாமவர், ‘‘இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? போய் வேலையைப் பாரும்’’ என்பார். சரியான விடைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பவர் இந்த மூன்றாமவர்தான்!

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆயத்தொலை வடிவியல் என்று ஒரு பாடம் உண்டு. பல்லில் சிக்கிக்கொள்கிற மாதிரி பெயர். செங்குத்துக் கோட்டின் சாய்வை வரையறுக்க இயலாது என்று அதில் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். வாத்தியாரும் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஏன் இயலாது, யாருக்கு இயலாது, கொஞ்சம் முயற்சி பண்ணினால் இயலுமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நானும் பி.காம்., படித்து முடிக்கிறவரை கேட்டதில்லை. மார்க் வந்துவிட்டது, போதும் என்று விட்டாயிற்று. பிறகு ஒருநாள் ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு கடற்கரையில் நண்டு வாங்கப் போன இடத்தில் இந்தக் கோடு என் முன்னால் வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ‘பூஜ்யம்’ ஆசாமி. அவரைச் சிரிக்கக் கூடாது. தப்பு அவர் மேல் பாதிதான். மீதி தமிழ் மேல். நமக்குச் சாய்வு என்றால் என்ன? பனைமரம் சாய்ந்திருக்கிறது, சுவர் சாய்ந்திருக்கிறது என்கிறோம். அதாவது, நிமிர்ந்து நிற்கவேண்டியது நிற்கவில்லை. நேராக நிற்கிற பனைமரத்துக்கு ஏது சாய்வு? பூஜ்யம்தானே! ஆனால் கணக்குக்காரர்கள் சாய்வைத் தரையிலிருந்து அளக்கிறார்கள். படுத்துக் கிடக்கிற கோடுதான் அவர்களுக்குப் பூஜ்யம். ‘ஸ்லோப்’ என்றால் மலைச்சரிவு நினைவுக்கு வரும். நம்முடைய ‘சாய்வு’ என்றால் மரம் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டதில் தமிழ் மீடியம் பையன் மாட்டிக்கொண்டான். ‘ஏற்றம்’ என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது என்பது என் கட்சி.

ஏற்றம்தான் விஷயம். குறுக்கே ஓரடி போனால் மேலே எவ்வளவு ஏறுகிறது? அவ்வளவுதான் சாய்வு. ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். (மீட்டர் போடுகிற ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதானே, என்ன குறைச்சல்?) கிராஃபில் குறுக்கே கிலோமீட்டர், மேலே ரூபாய். ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய் ஏறினால் சாய்வு 15. முப்பது ஏறினால் 30. கோடு இன்னும் செங்குத்தாக இருக்கும், உங்கள் முகம் இன்னும் கோணலாக இருக்கும்.

இப்போது சிக்னல். ஆட்டோ நிற்கிறது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் வெயிட்டிங் சார்ஜ் என்று மீட்டர் மட்டும் ஓடுகிறது. ஐந்து ரூபாய் ஏறிவிட்டது. கிராஃபில் பேனாவை வைத்தால் குறுக்கே நகராமல் நேராக மேலே போகிறது. நெட்டுக்குத்தல் கோடு வந்தாயிற்று. இந்த இடத்தில், ‘‘கிலோமீட்டருக்கு எவ்வளவுப்பா?’’ என்று கேட்டால் டிரைவர் என்ன சொல்வார்? ‘‘எந்த கிலோமீட்டருக்கு ஸார்?’’ என்பார். நியாயம். ஐந்து ரூபாய் நிஜம். கோடும் நிஜம். கேள்விதான் அங்கே செல்லுபடியாகவில்லை.

சூத்திரத்தில் போட்டாலும் அதே கதைதான். ஏற்றத்தைக் குறுக்குத் தூரத்தால் வகுக்கவேண்டும். ஐந்தைப் பூஜ்யத்தால் வகுக்கவேண்டும். வகுத்தல் என்பது என்ன? இருபதை ஐந்தால் வகுத்தால் நான்கு என்றால், நான்கை ஐந்தால் பெருக்கினால் இருபது திரும்பி வரும் என்று அர்த்தம். பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினால் ஐந்து வரும்? தலைகீழாக நின்றாலும் வராது. பூஜ்யம்தான் வரும். ஆகவே அந்த விடை என்று ஓர் எண் கிடையாது.

பெரிய தலைகளே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 628-இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தை வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கெல்லாம் அழகாக விதி எழுதிவிட்டு, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று ஒரு போடு போட்டார். இன்றைக்கு அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்து வருவதற்கு ‘கஹரம்’ என்று பெயர் வைத்து, எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் மாறாத பரம்பொருளுக்கு அதை ஒப்பிட்டுவிட்டார். நம்முடைய ‘இன்ஃபினிட்டி’ ஆசாமிக்கு நல்ல துணை! எண்ணூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கட்சிக்குச் செல்வாக்கு உண்டு.

அந்தக் கட்சியைக் கவிழ்க்க வேறெங்கும் போகவேண்டாம். பாம்பன் போதும்.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு இறக்கைகள் பிரிந்து மேலே தூக்கும். ஷெர்ஸர் என்கிற அமெரிக்க இன்ஜினீயரின் பெயர் தாங்கிய அமைப்பு. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். ஓர் இறக்கை இந்தக் கரைப்பக்கமாக ஏறும், இன்னொன்று அந்தக் கரைப்பக்கமாக. முழுக்கத் திறந்தால் தரையோடு 81 டிகிரி.

அந்த இறக்கைகளைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது சாய்வு பூஜ்யம். 45 டிகிரியில் 1. அதுவரை சாதுவாகத்தான் இருக்கும். 81 டிகிரியில் 6.3. அதற்கு மேல் பாலம் தூக்கவில்லை. நாம் மனசுக்குள் தூக்குவோம். 89 டிகிரியில் 57. 89.9-இல் 573. 89.99-இல் 5,700-ஐத் தாண்டிவிடும். ‘‘பார்த்தீரா, இன்ஃபினிட்டிக்குத்தான் ஓடுகிறது!’’ என்று அவர் குதிப்பார். குதிக்கட்டும். எதிர்ப்பக்கத்து இறக்கையைப் பாருங்கள். அது மறுதிசையில் சாய்ந்தபடி ஏறுகிறது. இடமிருந்து வலமாகப் பார்த்தால் அது இறங்குகிற கோடு. ஆகவே அதன் சாய்வு மைனஸ். மைனஸ் 1, மைனஸ் 6.3, மைனஸ் 57, மைனஸ் 573... அது பாதாளத்துக்கு ஓடுகிறது. கடைசியில் இரண்டு இறக்கையும் 90 டிகிரிக்கு வந்து நிமிர்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி நெட்டுக்குத்தல் கோடு. ஒன்றை ப்ளஸ் இன்ஃபினிட்டி என்றும், அச்சு அசலாக அதேபோல் நிற்கிற இன்னொன்றை மைனஸ் இன்ஃபினிட்டி என்றும் சொல்வீர்களா? ஒரே கோட்டுக்கு இரண்டு ஜாதகம் எழுத முடியாது. அதனால்தான் ‘வரையறுக்க இயலாது’ என்று கௌரவமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப்பாலத்தில் இறக்கை கிடையாது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. இதில் ஒரு வேடிக்கை. அந்தத் துண்டின் சாய்வு தொடக்கத்திலிருந்து கடைசிவரை பூஜ்யம். படுத்தவாக்கிலேயே போகிறது. அது போகிற வழிக்கோ சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. ஒரே பாலத்தில் இரண்டும்!

நண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினம் தாண்டி வருகிற கடலோர ஊர் திருப்பாலைக்குடி. பாக் ஜலசந்திப் பக்கத்துக் கடல். அலை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இருக்காது; கண்மாய் மாதிரி சும்மா கிடக்கும். நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். ‘‘நண்டு திங்கணும்னா காலையில கரைக்குப் போகணும்டா’’ என்று அரைத் தூக்கத்தில் இழுத்துக்கொண்டு போனான்.

படகுகள் வந்துகொண்டிருந்தன. கரையில் கூடைகள். சுற்றி நின்று ஏலம். ஏலம் விடுகிறவர் வாயிலிருந்து எண்கள் தறிகெட்டு வந்தன. ஒரு கூடை ஒரு விலைக்குப் போயிற்று. பத்து நிமிஷத்தில் அதே மாதிரிக் கூடை அதைவிடக் குறைவாகப் போயிற்று. எனக்கு உள்ளே இருந்த பி.காம்., விழித்துக்கொண்டது. ஓய்ந்த நேரத்தில் அவரிடம், ‘‘ஏண்ணே, வெலை எறங்குதுன்னு தெரிஞ்சா கொஞ்சத்தை நிறுத்தி வைக்கலாம்ல?’’ என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘விடிஞ்சு வந்தது இம்புட்டுத்தான் தம்பி. நீங்க ஆயிரம் குடுத்தாலும் இம்புட்டுத்தான், நூறு குடுத்தாலும் இம்புட்டுத்தான். வெலை பத்தலைன்னு திரும்பக் கடல்ல கொண்டுபோய் விடவா முடியும்?’’

அடடா! பொருளாதாரப் பாடத்தில் ‘முற்றிலும் நெகிழ்ச்சியற்ற அளிப்பு’ என்று நெட்டுக்குத்தலாக ஒரு கோடு போட்டு, நெட்டுருப் போட்டு, ஐந்து மார்க் வாங்கிய சமாசாரம்! கிராஃபில் குறுக்கே சரக்கு, மேலே விலை. கணக்குக்காக நாற்பது கூடை என்று வைத்துக்கொள்வோம். விலை ஐந்நூறானாலும் நாற்பது, எண்ணூறானாலும் நாற்பது, ஆயிரத்து இருநூறானாலும் நாற்பது. புள்ளிகளைச் சேர்த்தால் நாற்பதாம் எண்ணில் கொடிக்கம்பம் மாதிரி ஒரு கோடு. பாடப்புத்தகத்தில் இருந்தபோது அது வெறும் கோடு. இங்கே அதன் அடியில் ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஆள் ஒருவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விலை எங்கே நிற்கும் என்பது வாங்க வந்தவர்கள் கையில். அவர் கையில் இருப்பது நாற்பது மட்டும்.

இந்தப் பாடத்தை எழுதி வைத்த ஆல்ஃபிரட் மார்ஷலும் 1890-இல் வந்த தன் பொருளாதாரப் புத்தகத்தில் மீன் தொழிலைத்தான் உதாரணம் காட்டினார் என்பது பிறகு தெரிந்தது. மாடுகளுக்கு நோய் வந்து கறிக்குத் தட்டுப்பாடு, ஜனங்கள் மீனுக்குத் தாவுகிறார்கள் என்று வைத்துக்கொள் என்கிறார். இன்றைக்கு என்றால் கரையில் உள்ள மீன் இவ்வளவுதான், விலைதான் எகிறும். ஓரிரு வருஷம் என்றால் சும்மா கிடக்கிற பழைய படகையும் கடலில் இறக்குவார்கள். இன்னும் வருஷங்கள் போனால் புதுப் படகு கட்டுவார்கள், புது ஆட்கள் வருவார்கள். அவகாசம் கூடக்கூட நெட்டுக்குத்தலாக நின்ற கோடு மெல்லச் சாயும். கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கும் திருப்பாலைக்குடி ஏலக்காரருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

ஏலக்காரரிடம் வாங்கின கொட்டு போதாதென்று நண்பனிடமும் கேட்டேன். ‘‘ஐஸ் போட்டு வைக்கலாமேடா?’’

‘‘வைக்கலாம். ஐஸ் சும்மா வருமா? பெட்டி வேணும், வண்டி வேணும், ரெண்டு நாள் காசு வராம தாக்குப்பிடிக்கணும். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கினவன் அவருக்குத்தான் போட்டாகணும். அவன் எங்க ஐஸ் போடுறது?’’

கிராஃப் பேப்பரில் பார்த்தால் விஷயம் இதுதான். ஐஸ் இருந்தால், ‘இந்த விலைக்கு முப்பது கூடைதான் தருவேன், கூட்டிக் கேட்டால் மீதியை எடுக்கிறேன்’ என்று சொல்ல முடியும். கோடு சாய்கிறது. சாய்வுக்கு ஓர் எண் வருகிறது. கருவாடு போடுவதும் அதே வேலைதான். விலை படுத்துவிட்ட சூடைக்கும் காரலுக்கும் உப்பைத் தடவி வெயிலில் போட்டு, கோட்டைக் கொஞ்சமாவது சாய்த்துவிடுகிற பெண்கள் இந்தக் கரையெல்லாம் உண்டு. வருஷாவருஷம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போது கோடு சாயாமல் இடப்பக்கமாக நகர்ந்துவிடும். வருகிற சரக்கே குறைவு, விலை ஏறிவிடும். கருவாட்டுப் பானை வைத்திருக்கிறவருக்கு அப்போது நல்ல நாள்.

இதே கோட்டைப் பார்த்துக் கணக்கு வாத்தியார், ‘சாய்வு இல்லை, வரையறுக்க முடியாது’ என்கிறார். பொருளாதார வாத்தியாரோ, ‘நெகிழ்ச்சி பூஜ்யம்’ என்று தெளிவாக ஓர் எண்ணைச் சொல்கிறார். யார் சரி? இரண்டு பேரும் சரி. முதலாமவர், ‘ஒரு கூடை கூடினால் விலை எவ்வளவு ஏறும்?’ என்று கேட்கிறார். கூடை கூடவே கூடாத இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாமவர் கேள்வியைத் திருப்பிப் போட்டு, ‘விலை ஏறினால் எத்தனை கூடை கூடும்?’ என்கிறார். ஒன்றும் கூடாது. பூஜ்யம். முடிந்தது!

ரயில்வேக்காரர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டவர்கள்தான். தண்டவாளத்தின் ஓரத்தில் 100, 150 என்று எழுதிய சின்னப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். நூறு மீட்டர் குறுக்கே போனால் ஒரு மீட்டர் ஏற்றம் என்று அர்த்தம். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலில் கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுகிற இடத்தில் 12.28-க்கு 1. நாட்டிலேயே இதுதான் செங்குத்தான ரயில் பாதை. எண் சின்னதாக ஆக ஏற்றம் ஜாஸ்தி. இந்தக் கணக்கில் நெட்டுக்குத்தல் பாதைக்கு எண் பூஜ்யம், வம்பே இல்லை. வம்பு சமதளத்தில்தான். எத்தனை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும்? ஏறவே ஏறாது. அதற்கு எண் எழுத வழியில்லாமல் ‘லெவல்’ என்பதன் முதல் எழுத்தை மட்டும் பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள். நமக்குச் சாதுவான பூஜ்யச் சாய்வு, அவர்களுக்கு வரையறுக்க முடியாதது!

இதெல்லாம் பேப்பரோடு போகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்கிற போர்க்கப்பல் விர்ஜீனியா கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கப்பலை கம்ப்யூட்டர்மயமாக்கிப் பரிசோதித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு கட்டத்தில் யாரோ பூஜ்யத்தைத் தட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அதால் வகுக்கப் போய் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. ஏவுகணைக் கப்பல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடுக்கடலில் சும்மா மிதந்தது. திருப்பாலைக்குடி வத்தையாக இருந்தால் துடுப்புப் போட்டாவது கரைக்கு வந்திருக்கும்.

உங்கள் ஆபீஸ் எக்ஸெல் அவ்வளவு மோசமில்லை. அதில் ‘ஸ்லோப்’ என்று ஒரு ஃபங்ஷனே உண்டு. குறுக்குப் பத்தியில் எல்லாமே ஒரே எண்ணாகக் கொடுத்துப் பாருங்கள். ‘பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறாயே, பாவி’ என்று ஆச்சரியக்குறியோடு ஒரு கத்தல் கத்திவிட்டு நிற்கும். அதைக் கண்டதும் மேனேஜர் பார்க்கக் கூடாதென்று அந்தக் கட்டத்தில் பூஜ்யம் அடித்து வைக்கிற புண்ணியவான்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. செய்யாதீர்கள். அங்கே பூஜ்யம் என்று எழுதினால் ‘ஏற்றமே இல்லை’ என்று பொய் சொல்வதாக ஆகிறது.

‘‘போன மாசம் ஸேல்ஸ் செங்குத்தாக ஏறிவிட்டது’’ என்று மீட்டிங்கில் யாராவது சார்ட்டைக் காட்டினால் கீழே தேதிகளைப் பாருங்கள். நாள் நகராமல் விற்பனை மட்டும் ஏற வழியில்லை. நிஜமாகவே நெட்டுக்குத்தலாக ஒரு கோடு இருந்தால், ஒரே தேதிக்கு இரண்டு தொகை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். லெட்ஜரை எடுத்து எது சரி என்று பாருங்கள். கொஞ்சம் சாய்வாக, ஆனால் மிரட்டுகிற மாதிரி இருந்தால் சார்ட்டின் அகலத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மாசத்தையும் தீப்பெட்டி அகலத்துக்குள் அடைத்தால் மொட்டை மாடி ஏணிகூட ராக்கெட் மாதிரித்தான் தெரியும்.

இன்டர்வியூ இருக்கிற தம்பிகளுக்கு மட்டும் ஒன்று. கோட்டுக்குச் சாய்வு கிடையாது என்பதால் அதற்கு விலாசமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ‘எக்ஸ் = 3’ என்று எழுதினால் மூன்றாம் எண்ணில் நிற்கிற நெட்டுக்குத்தல் கோட்டை முழுசாகச் சொல்லியாயிற்று. சாய்வு தேவையே இல்லை. அதைச் சொன்ன பிறகும் போர்டு மெம்பர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ‘‘இன்ஃபினிட்டி இல்லையா மிஸ்டர்?’’ என்று மடக்கினால் பதறவேண்டாம். மேஜை மேல் இரண்டு உள்ளங்கைகளையும் குப்புற வைத்து, விரல் நுனிகளை ஒட்டி, பழைய பாம்பன் பாலம் மாதிரி மெதுவாக இரண்டு பக்கமும் தூக்கிக் காட்டுங்கள். எந்தக் கை ப்ளஸ், எந்தக் கை மைனஸ் என்று அவரையே கேளுங்கள்.